ரேடான் பொறியில் கணக்கு எங்கே பிசகுகிறது

கரும்பொருள் (இன்னும் நேரில் பிடிபடாத, ஒளிவிடாத பொருள்) போன்ற அரியவற்றைத் தேடும் டிடெக்டர்களின் வாயுவிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயுவை நீக்கப் பொறி வைக்கிறோம்: நுண்துளைகள் நிறைந்த கரியை அடைத்த தூண். இந்தக் கரித்தூண் வழியே வாயுவைச் செலுத்தினால் ரேடான் நீங்கிவிடும் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். பிசகு அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. கரிக்குள் ரேடான் அணு அழிவதில்லை. துளைச்சுவரில் ஒட்டும், விடும், சற்று நகர்ந்து மறுபடி ஒட்டும். சுற்றியுள்ள வாயு நிமிடங்களில் கடக்கும் தூரத்தை அது வாரக்கணக்கில் கடக்கிறது. வெளிவாயிலை எட்டுவதற்குள் சிதைந்துவிட்டால் நமக்கு லாபம், சிதையாவிட்டால் டிடெக்டருக்குள் போகிறது. ரேடான்-222 இன் அரை ஆயுள் 3.82 நாள், சராசரி ஆயுள் 5.52 நாள். பொறி என்ன விலையானாலும் அது வாங்கித் தருவது இந்த நாட்களை மட்டும்தான். இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் வடிவமைப்பில் பாதிக் கேள்விகளுக்குத் தானாகப் பதில் கிடைக்கும்.

எவ்வளவு குறைவான பொருளைத் துரத்துகிறோம் என்பதையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 1 பெக்கரல் (வினாடிக்கு ஒரு சிதைவு) ரேடான் என்றால் சுமார் 4.77 லட்சம் அணுக்கள். 1 கிலோ செனானில் 1 மைக்ரோபெக்கரல் என்றால் சராசரியாக அரை அணுகூட இல்லை. இத்தாலியின் கிரான் சாஸோ சுரங்க ஆய்வகத்தில் செனானை நிரப்பிக் கரும்பொருளைத் தேடும் செனான்-என்-டி டிடெக்டரின் மொத்தச் செனான் சுமார் 8.6 டன், அந்த அளவில் அதற்குள் இருப்பது ஏறத்தாழ 4,100 ரேடான் அணுக்கள். ரேடான் மந்த வாயு என்பதால் வேதிவினையால் பிடிக்கவும் வழியில்லை. சூடான சிர்க்கோனியம் கெட்டர் (மாசு வாயுக்களை உறிஞ்சும் உலோகம்) ஆக்சிஜன், நீர், நைட்ரஜன் எல்லாவற்றையும் விழுங்கும், ரேடானை விட்டுவிடும். போதாததற்குக் கெட்டரிலிருந்தே ரேடான் ஊறும்.

இந்தச் சில ஆயிரம் அணுக்களால் என்ன கெடுதல்? ரேடானின் ஆல்ஃபாச் சிதைவின் ஆற்றல் 5.49 மெகா எலக்ட்ரான்வோல்ட். அதை எளிதில் ஒதுக்கிவிடலாம். தொல்லை அது சிதைந்து வரிசையாகப் பிறக்கும் வாரிசு அணுக்களிடம். ஈயம்-214 (அரை ஆயுள் 27 நிமிடம்) பத்தில் ஒரு முறைக்குச் சற்று மேல், காமா ஏதும் வெளிவிடாமல் பீட்டாவாக மட்டுமே சிதைகிறது. கரும்பொருள் தேடலில் குறைந்த ஆற்றல் பகுதியை நிரப்புவது இதுதான். பிஸ்மத்-214 விடும் 2.447 மெகா எலக்ட்ரான்வோல்ட் காமா, செனான்-136 இன் நியூட்ரினோ இல்லா இரட்டை பீட்டாச் சிதைவு (இன்னும் காணாத, சில சோதனைகள் தேடும் சிதைவு) எதிர்பார்க்கப்படும் 2.458 க்குப் பக்கத்திலேயே வந்து உட்காருகிறது. கடைசியில் ஈயம்-210: அரை ஆயுள் 22 ஆண்டு. டிடெக்டரின் பாகங்களை இணைத்துப் பூட்டும் நாளில் அறைக்காற்றிலிருந்து டெஃப்லான் மேற்பரப்பில் படிந்தால், சோதனை முடியும்வரை அங்கேதான் இருக்கும். ஆகவே நிரப்பும் வாயுவுக்குக் காட்டும் அக்கறையைப் பூட்டும் அறையின் காற்றுக்கும் காட்ட வேண்டும்.

ஊற்றைத் தேடுவது முதல் வேலை

ரேடியம்-226 இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. உலோகம், ரப்பர், பீங்கான், தூசு எதில் அது இருந்தாலும் ரேடான் ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கும். ரேடியம் சிதையும்போது ரேடான் அணு 86 கிலோ எலக்ட்ரான்வோல்ட் உதைப்போடு கிளம்புகிறது. திடப்பொருளில் அது சில பத்து நானோமீட்டர்தான் ஓடும். எனவே உலோகத்தில் மேற்பரப்பை ஒட்டிய ரேடியம் மட்டுமே வாயுவுக்குள் ரேடானை விடும். ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் கதை வேறு: உள்ளே ஆழத்தில் பிறந்த அணுவும் பரவி வெளியே வந்துவிடும். பம்பிலுள்ள ஒரு சிறிய ரப்பர் டயாஃப்ரம் (சவ்வு) பல சதுர மீட்டர் துருப்பிடிக்கா எஃகை மிஞ்சுவது இதனால்தான்.

வெல்டிங்கில் கதிரியக்கத் தோரியம் கலந்த டங்ஸ்டன் மின்முனையை அனுமதிக்கக் கூடாது. லாந்தனம் அல்லது சீரியம் கலந்ததைக் கேளுங்கள், ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், வேலை நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். இணைப்புகளுக்குச் செம்பு அல்லது நிக்கல் கேஸ்கெட். எலாஸ்டோமர் (ரப்பர் போன்ற பொருள்) ஓ-ரிங் தவிர்க்க முடியாத இடத்தில் இரண்டு ரிங் வைத்து இடைவெளியில் தூய நைட்ரஜனை ஓடவிட வேண்டும். சிலிக்கோன் குழாய் அறவே கூடாது. அதன் சுவர் வழியே ரேடான் தாராளமாக நுழையும். சுரங்கத்தில் குழாய்க்கு வெளியே உள்ள காற்றில் ரேடான் அளவு ஒரு கனமீட்டருக்குப் பல பத்து முதல் ஆயிரம் பெக்கரல்வரை இருக்கலாம். வெளியே ஆயிரம் பெக்கரலும் உள்ளே மைக்ரோபெக்கரலும் இருக்கும்போது, ஹீலியம் கசிவுச் சோதனையில் "தேறிய" கசிவுகூடப் பொருட்டாகிவிடும்.

சுழற்சி பம்ப் பெரும்பாலும் முதல் குற்றவாளி. செனான்-என்-டிக்கு முந்தைய செனான்-1டி சோதனையில் பம்பை மாற்றிக் காந்த இணைப்பு கொண்ட பிஸ்டன் பம்பை வைத்தது ரேடான் அளவைக் கண்கூடாகக் குறைத்தது. கிலோவுக்குச் சுமார் 10 மைக்ரோபெக்கரலில் இருந்து படிப்படியாக 4.5 வரை இறங்கினார்கள். எந்தக் கரித்தூணையும் விட மலிவான குறைப்பு இத்தகைய மாற்றம்தான்.

கரியின் கணக்கு

வாய்பாடு எளிது. ரேடான் தூணைக் கடக்கும் நேரம் = கரியின் எடை × தக்கவைப்பு எண் ÷ வாயு ஓட்டம். தக்கவைப்பு எண் என்பது ஒரு கிராம் கரி எத்தனை லிட்டர் வாயு கடக்கும்வரை ரேடானைப் பிடித்து நிறுத்துகிறது என்ற அளவு. அறை வெப்பநிலையில் நைட்ரஜனில் நல்ல கரிக்கு இது கிராமுக்கு 5 லிட்டர் அளவில் இருக்கும்.

நிமிடத்துக்கு 10 லிட்டர் நைட்ரஜனில் ரேடானைப் பத்தில் ஒன்றாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்து மடங்குக் குறைப்புக்கு 12.7 நாள் தேவை. அதற்குள் ஓடும் வாயு சுமார் 1.83 லட்சம் லிட்டர். ஐந்தால் வகுத்தால் 36.6 கிலோ கரி. ஆயிரம் மடங்கு வேண்டுமென்றால் மூன்று பங்கு, அதாவது 110 கிலோ. இங்கே ஓட்டத்தைத் தூணின் வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் உள்ள உண்மைக் கனஅளவாகப் போட வேண்டும். ஓட்டமானி காட்டும் "தர லிட்டர்" (நிலையான வெப்பநிலை, அழுத்தத்துக்கு மாற்றிய கனஅளவு) எண்ணை அப்படியே போட்டுவிட்டு விடை ஏன் பொருந்தவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

எடையைக் கூட்டுவதைவிடக் குளிர்விப்பது பலமடங்கு லாபம். ரேடான் கரியில் ஒட்டும் ஆற்றல் மோலுக்கு 25 முதல் 30 கிலோஜூல். அந்தக் கணக்குப்படி அறை வெப்பத்திலிருந்து மைனஸ் 50 டிகிரி செல்சியசுக்குப் போனால் தக்கவைப்பு எண் 30 முதல் 50 மடங்கு உயரும். மைனஸ் 80 இல் சில நூறு மடங்கு. குளிரில் சுமந்து செல்லும் வாயுவும் கரியில் இடம் பிடிக்கும் என்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும், ஆனாலும் 36 கிலோ ஒன்றிரண்டு கிலோவாகிவிடும். பிரான்சின் மோடான் சுரங்க ஆய்வகத்தில் நீமோ-3 டிடெக்டருக்காக 2004 இல் நிறுவிய காற்றுத் தூய்விப்பு நிலையம் இதே வழியில்தான் இயங்கியது: மைனஸ் 50 டிகிரியில் 1 டன் கரி, மணிக்கு 150 கனமீட்டர் காற்று, கனமீட்டருக்குச் சுமார் 15 பெக்கரலில் இருந்து 15 மில்லிபெக்கரல் அளவுக்கு.

கரியிலிருந்தே ஊறும் ரேடான்

பலருடைய கணக்கு பிசகும் இடம் இதுவே. கரியும் ஒரு ரேடியம் கொண்ட பொருள். தூணை நீட்டிக்கொண்டே போனால் உள்ளே வந்த ரேடான் குறையும், ஆனால் கடைசிப் பகுதியில் கரியே ஊறவிட்ட ரேடானுக்குச் சிதைய நேரம் கிடைக்காது. அது நேரே வெளியே போகும். சமநிலையை எழுதிப் பார்த்தால் மிக அழகான விடை வருகிறது: போதிய நீளமுள்ள தூணின் வெளிவாயிலில் ரேடான் செறிவு = கிலோவுக்குக் கரியின் ரேடான் ஊறல் ÷ தக்கவைப்பு எண். எடையும் ஓட்டமும் சமன்பாட்டிலிருந்து மறைந்தே போகின்றன.

சந்தையில் கிடைக்கும் தேங்காய்ச் சிரட்டைக் கரிக்கு ஊறல் கிலோவுக்கு 50 மில்லிபெக்கரல் என்று கொள்வோம். இந்த அளவிலும் இதைவிட அதிகமாகவும் அளந்திருக்கிறார்கள். தக்கவைப்பு எண் கிலோவுக்கு 5 கனமீட்டர். வகுத்தால் கனமீட்டருக்கு 10 மில்லிபெக்கரல். அறை வெப்பத்தில் இந்தக் கரியை ஒரு டன் வைத்தாலும் பத்து டன் வைத்தாலும் இதற்குக் கீழே போகாது. செயற்கை மூலப்பொருளில் செய்த, கிலோவுக்கு 0.5 மில்லிபெக்கரல் ஊறும் கரியானால் 0.1 மில்லிபெக்கரல். அதையே 40 மடங்கு தக்கவைக்கும் குளிரில் வைத்தால் 2.5 மைக்ரோபெக்கரல். போரெக்ஸினோ நியூட்ரினோ சோதனையில் நைட்ரஜனைக் கனமீட்டருக்கு அரை மைக்ரோபெக்கரல் அளவுக்குக் கொண்டுவந்தது இப்படித்தான்: கிலோவுக்கு 0.3 மில்லிபெக்கரல் ஊறும் கார்போஆக்ட் என்ற செயற்கைக் கரி, திரவ நைட்ரஜன் குளிர்.

ஆகவே கரியை வாங்கும் முன் பரப்பளவைப் பார்ப்பதைவிட ஊறலை அளந்து பாருங்கள். மேற்பரப்பு கிராமுக்கு 1,000 சதுர மீட்டருக்கு மேல் என்று விளம்பரத்தில் இருக்கும், ஊறல் இருக்காது. ஒரே பெயரில் வரும் இரண்டு சரக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால் ஒவ்வொரு சரக்கிலும் அளக்க வேண்டும். மணிமணியாக உருண்டையாக இருக்கும் செயற்கைக் கரியை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, மீத்தூய நீரில் பலமுறை அலசி உலர்த்தினால் ஊறல் மேலும் மூன்றில் ஒன்றாகக் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். அமிலம் துளைகளில் தங்கினால் பின்னால் எஃகை அரிக்கும். அலசும் நீரின் மின்கடத்துதிறன் நிலையாகும்வரை நிறுத்த வேண்டாம்.

தூணில் நடக்கும் கோளாறுகள்

மேலே சொன்ன குறைப்பு, எல்லா ரேடான் அணுவும் ஒரே நேரத்தில் வெளிவரும் என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு. உண்மையில் அது பரவலாக வரும். முந்திக்கொண்டு வரும் அணுக்களே கெடுக்கின்றன. தூணைப் பல நிலைகளாகப் பிரித்து எண்ணினால், சராசரி நேரம் ஆயிரம் மடங்குக்கு வேண்டிய 38 நாளாக இருந்தும் 3 நிலைக்குச் சமமான கட்டைத் தூண் 36 மடங்குதான் குறைக்கும். 10 நிலையானால் 190. 40 நிலையானால் 580. ஆயிரத்தை நெருங்க நீண்ட, ஒல்லியான தூண் வேண்டும், அல்லது சிறு தூண்களைத் தொடராக இணைக்க வேண்டும். பெரிய பீப்பாயில் கரியைக் கொட்டி மேலும் கீழும் குழாய் வைத்தால் வாயு நடுவே வழி கண்டுபிடித்துக்கொண்டு ஓடிவிடும். நிரப்பும்போது சிறிது சிறிதாகக் கொட்டித் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். சில நாள் கழித்து மட்டம் இறங்கியிருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். மேலே ஸ்பிரிங் தட்டு வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

ஈரம் இன்னொரு எதிரி. நீர் துளைகளை அடைத்தால் தக்கவைப்பு எண் சரியும். குளிர்த்தூணின் நுழைவாயிலில் பனி கட்டிக் குழாயே அடைபடும். உள்ளே வரும் வாயுவின் பனிநிலை (ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 70 டிகிரி அளவுக்குக் கீழே இருக்கட்டும். புதுக்கரியை 120 முதல் 150 டிகிரியில் தூய நைட்ரஜனோ ஹீலியமோ ஓடவிட்டுச் சுடவைத்து, ஈரமானி அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். ஆறும்போது அறைக்காற்றை உள்ளே விட்டால் அத்தனை வேலையும் வீண்: கரி அறையின் ரேடானையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

மின்வெட்டை நினைத்து வடிவமையுங்கள். குளிர் நின்றால் கரி சூடாகி, வாரக்கணக்கில் தேங்கிய ரேடான் மொத்தமாகக் கிளம்பும். அது டிடெக்டர் பக்கம் போகாமல் தானே மூடும் வால்வும், புறப்போக்கிக்குத் திறக்கும் வழியும் வெப்பநிலை அளவியோடு இணைந்திருக்க வேண்டும். குளிர்ந்த கரி தன் கனஅளவைப்போல் பல மடங்கு வாயுவை விழுங்கி வைத்திருக்கும்; சூடாகும்போது அது விரிந்து வெடிக்காமலிருக்க ஒவ்வொரு மூடிய பகுதிக்கும் அழுத்த விடுவிப்பு வால்வு கட்டாயம். அதன் வாய் சுரங்க அறைக்குள் திறக்கக் கூடாது, மூச்சுத்திணறல் ஆபத்து. ஆக்சிஜன் உள்ள வாயுவைத் திரவ நைட்ரஜன் குளிரில் கரியில் செலுத்தவே கூடாது: ஆக்சிஜன் திரவமாகிக் கரியில் ஊறினால் அது வெடிமருந்து.

கரித்தூசைத் தடுக்கத் தூணுக்குப் பின் சின்டர் ஃபில்டர் (உலோகத்தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்த வடிகட்டி) வைப்போம். அந்த ஃபில்டருக்குப் பின்னால் கரி இல்லை. அதிலிருந்து ஊறுவது நேரே டிடெக்டருக்கு. எனவே எல்லாவற்றையும் விடக் கடுமையாகச் சோதிக்க வேண்டிய சிறு உறுப்பு அது.

வாயுவுக்கு வாயு வேறு வழி

நைட்ரஜன் சுலபம். சிலிண்டர் வாயுவை ஐந்து வாரம் வைத்திருந்தாலே ஆரம்ப ரேடான் 570 மடங்கு குறையும். மிஞ்சுவது சிலிண்டர் சுவரும் வால்வும் ஊறவிடுவது. ஆர்கானில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆர்கான் 83.8 கெல்வினில் உறையும். 77 கெல்வின் திரவ நைட்ரஜனில் தூணை முக்கினால் அடைத்துக்கொள்ளும். 87.3 கெல்வின் கொதிநிலைக்கு மேல் நிலையாக நிறுத்தும் குளிரமைப்பு வேண்டும்.

செனான்தான் கடினம். ரேடானைப் பிடிக்கும் அதே துளைகளில் செனானும் ஏறக்குறைய அதே ஆர்வத்தோடு உட்காரும். எண்ணிக்கையில் ரேடான் ஒன்றுக்குச் செனான் கோடானுகோடி என்பதால் ரேடானுக்கு இடமே கிடைப்பதில்லை. 190 கெல்வின் குளிரிலும் தக்கவைப்பு எண் கிராமுக்கு ஒரு லிட்டரைத் தாண்டுவது கடினம். இதனால் செனானை நிரப்பிக் கரும்பொருளைத் தேடும் லக்ஸ்-செப்லின் சோதனையில் முழு ஓட்டத்தையும் கரிக்கு அனுப்பவில்லை. கேபிள்கள் செல்லும் சூடான குழாய்களிலிருந்து வரும் நிமிடத்துக்கு அரை லிட்டர் வாயுவை மட்டும் சுமார் 10 கிலோ குளிர்க்கரி வழியே விடுகிறார்கள். ஊறல் அதிகமுள்ள இடத்திலேயே, பெரிய திரவத்தோடு கலக்கும் முன் பிடிப்பது நல்ல உத்தி.

முழுத் திரவத்தையும் சுத்தம் செய்யக் குளிர்நிலையில் காய்ச்சி வடிக்கும் முறை உண்டு. செனான் 165 கெல்வினில் கொதிக்கும், ரேடான் 211 இல். ஆவியில் ரேடான் குறையும், அடித்திரவத்தில் சேரும். அங்கேயே சிதையட்டும் என்று விட்டுவிட்டு மேலே வரும் ஆவியைத் திரவமாக்கித் திருப்பி அனுப்பலாம். செனானிலுள்ள இன்னொரு மாசான கிரிப்டானை இதே முறையில் நீக்கும்போது மேல்முனை வாயுவை வெளியே எடுத்து இழக்க வேண்டும். ரேடானுக்கு அந்த இழப்பும் இல்லை. எவ்வளவு வேகம் வேண்டும்? டிடெக்டருக்குள்ளேயே ஊறும் ரேடானுக்கு, குறைப்பு = 1 + (5.52 நாள் ÷ முழுச் செனானும் ஒருமுறை சுற்றிவரும் நாட்கள்). நிமிடத்துக்கு 200 தர லிட்டர் என்றால் மணிக்கு 71 கிலோ, 8.6 டன் சுற்றிவர 5 நாள். குறைப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். செனான்-என்-டி இந்த வேகத்தில் இயங்கியே கிலோவுக்கு 1.7 மைக்ரோபெக்கரல் அளவிலிருந்து 1 க்குக் கீழே வந்தது. காய்ச்சி வடிக்கும் தூண் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் சுற்று மெதுவானால் பயனில்லை என்பதை இந்தச் சிறு சமன்பாடு காட்டிவிடுகிறது.

திசையுணர் கரும்பொருள் டிடெக்டர்களில் பயன்படும் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடுக்குக் கரி உதவாது, அந்த வாயுவையே விழுங்கிவிடும். அங்கே 5 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூற்றுச் சல்லடை: பெரிய மூலக்கூறு வெளியே நிற்கும், ரேடான் துளைக்குள் போகும். சல்லடையின் களிமண் பிணைப்பிலும் ரேடியம் உண்டு. ஊறல் குறைந்த மூலப்பொருளில் செய்தது வேண்டும்.

பூட்டும் அறைக்கான காற்று போல ஓட்டம் மிகப் பெரிதானால், இரண்டு தூண்களை மாற்றி மாற்றி இயக்குவது சிக்கனம். ஒன்று பிடிக்கும்போது மற்றதை வெற்றிடத்தில் தூய காற்றின் ஒரு பகுதியால் பின்னோக்கிக் கழுவ வேண்டும். 10 சதவீதக் காற்றை 50 மில்லிபாரில் விட்டால் அதன் கனஅளவு, 1 பாரில் வரும் மொத்தக் காற்றைப்போல் இரண்டு மடங்கு. இந்த விகிதம் ஒன்றுக்குக் கீழே போனால் தூண் ஒருபோதும் சுத்தமாகாது. ரேடான் எட்டிப்பார்ப்பதற்குள் மாற்றிவிட வேண்டும்.

அளப்பது

ஊறலை அளக்க, பொருளை உலோகப் பாத்திரத்தில் மூடி, காற்றை வெளியேற்றி, தூய ஹீலியமோ நைட்ரஜனோ நிரப்பி விட்டுவிடுங்கள். 7 நாளில் சமநிலையின் 72 சதவீதமும் 14 நாளில் 92 சதவீதமும் சேரும். சேர்ந்ததை ஒரு சிறு குளிர்க்கரிக் குழாயில் பிடித்து, சிதைவுகளை எண்ணும் கருவிக்குள் (எண்ணி) மாற்றலாம். மின்புலத்தால் இழுக்கும் பின் (PIN) வகை டயோடு எண்ணி பரவலாகப் பயன்படுகிறது: சிதைந்து பிறக்கும் பொலோனியம்-218 பெரும்பாலும் நேர்மின் ஏற்றத்தோடு இருப்பதால் டயோடில் வந்து ஒட்டும். ஈரம் இருந்தால் ஏற்றம் போய் எண்ணிக்கை சரியும். பொருளில் ரேடான் குறைவு என்று ஏமாந்துவிடுவோம். கணக்குக்குப் பொலோனியம்-214 இன் 7.69 மெகா எலக்ட்ரான்வோல்ட் சிகரம் பாதுகாப்பானது. 5.3 இல் உள்ள பொலோனியம்-210, டயோடின் பழைய பாவம்; ஆண்டுக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். வெற்றுப் பாத்திரத்தை இதே கால அளவுக்கு, முன்பும் பின்பும் அளந்து கழிக்க வேண்டும். டிடெக்டர் உள்ளேயே பிஸ்மத்-214 ஐத் தொடர்ந்து 164 மைக்ரோவினாடி அரை ஆயுளில் பொலோனியம்-214 வரும் இரட்டைத் துடிப்பைத் தேடலாம். பின்னணி கிட்டத்தட்ட இல்லாத அடையாளம் அது. திரவ டிடெக்டரில் ஒட்டிக்கொள்ளும் வாரிசுகளை இது தவறவிடும் என்பதால் ரேடான், பொலோனியம்-218 ஆல்ஃபாச் சிகரங்களோடு ஒப்பிட்டே பாருங்கள்.

அறை வெப்பத்தில் அளந்த ஊறல் குளிரில் அப்படியே இருக்காது. ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் பரவல் குறைந்து ஊறலும் நன்றாகக் குறையும். எஃகில் உதைப்பால் வருவது மாறாது. இதனால் அளந்தவற்றை எல்லாம் கூட்டிப் போட்ட தொகை டிடெக்டரில் காணும் அளவோடு பொருந்தாமல் போகும். ஒரு பம்பையோ வால்வையோ மாற்றிய மறுநாள் தெரியும் எண்ணை வைத்து முடிவு எடுக்காதீர்கள். பழைய ரேடான் சிதையவும், திறந்தபோது நுழைந்த காற்றின் ரேடான் போகவும், புதிய சமநிலை வரவும் மூன்று வாரமாவது ஆகும். குறிப்பேட்டில் எழுத வேண்டிய எண் அதற்குப் பிறகு வருவது.